சத்தம் ஓடுது, படம் நிக்குது

என் தங்கை கல்யாணம் முடிந்து நாலு மாதம் கழித்துத்தான் வீடியோ கைக்கு வந்தது. ஒரு பென்டிரைவில் மூன்று மணி நேர முழு வீடியோ, கூடவே ஐந்து நிமிஷ ‘ஹைலைட்ஸ்’. மலை மேல் இருக்கும் காவலூரில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். டிவிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. 2014இல் பிள்ளைகள் படிப்புக்காக வாங்கியது, அன்றைய மலிவு ரகம். பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிப் போனபின் அதற்குப் படம் காட்டும் வேலை மட்டும்தான் மிச்சம்.

மண்டப வாசல், வரவேற்புப் பலகை, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் ஒருமாதிரி தத்தித் தத்தி ஓடின. தாலி கட்டும் இடம் வந்ததும் நின்றே போனது. கெட்டிமேளம் முழங்குகிறது, நாயனம் உச்சத்தில் இருக்கிறது, மாப்பிள்ளை கை மட்டும் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. மூன்று விநாடி கழித்துப் படம் ஒரே தாவாகத் தாவியபோது தாலி கட்டி முடிந்து எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“சத்தம் ஓடுது, படம் நிக்குது. என்னடா இது?” என்றார் சித்தப்பா. “கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்னு கடைக்காரன் சொல்றான். நீ என்ன சொல்ற?”

அவர் போகிற போக்கில் சொன்ன அந்த முதல் வரியில் பாதி விடை இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ திக்கினால் செலவு செய்வதற்கு முன், அது எப்படித் திக்குகிறது என்பதைப் பத்து நிமிஷம் கவனிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ‘புல் எச்டி’ என்று சொல்லும் 1080பி படம் ஒன்றில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். அந்தக் கல்யாண வீடியோ விநாடிக்கு 50 படங்கள் என்ற கணக்கில் எடுக்கப்பட்டது. விநாடிக்குப் பத்துக் கோடிக்கு மேல் புள்ளிகள். இதை உள்ளபடியே எழுதி வைத்தால் விநாடிக்குச் சுமார் 155 மெகாபைட். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை டெராபைட்டைத் தாண்டிவிடும். பென்டிரைவில் வந்த கோப்போ 27 ஜிபி. அறுபது பங்கில் ஒரு பங்காகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

சுருக்குவதில் உள்ள சூட்சுமம் எளிது. மண்டபத்தின் பின்னணித் திரையும் வாழைமரமும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறுவதில்லை. ஆகவே அவ்வப்போது ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களுக்கு ‘எது எந்தப் பக்கம் நகர்ந்தது’ என்ற குறிப்பை மட்டும் எழுதுவார்கள். அந்தக் குறிப்பு எழுதும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த எச்.264 இன்றும் எங்கும் ஓடுகிறது. 2013இல் வந்த எச்.265ஐ எச்இவிசி என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி அளவில் அடைக்கும். 2018இல் ஏவி1 வந்தது, இன்னும் இறுக்கம். எவ்வளவுக்கு இறுக்கமாகச் சுருட்டினார்களோ, விரிப்பதற்கு அவ்வளவு உழைப்பு வேண்டும்.

இப்போது தாலி கட்டும் நொடிக்கு வாருங்கள். பதினைந்து திசையிலிருந்து அட்சதையும் உதிரிப் பூவும் பறக்கின்றன. திரையில் மாறாத புள்ளி என்று ஒன்றுமே இல்லை. குறிப்புகள் குவிகின்றன. விநாடிக்கு 50 படம் என்றால் ஒவ்வொன்றையும் விரித்துத் திரையில் போட 20 மில்லிவிநாடிதான் அவகாசம். அதற்குள் முடியாவிட்டால் கம்ப்யூட்டர் பின்தங்கும். சத்தத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் அளவு படத்தின் அளவில் நூறில் ஒரு பங்குகூட வராது. தவிர, படம் ஒரு நொடி தவறினால் கண் பொறுத்துக்கொள்ளும், மேளம் அறுந்தால் காது பொறுக்காது. அதனால் வீடியோ ஓட்டும் மென்பொருள்கள் சத்தத்தையே கடிகாரமாக வைத்துக்கொள்கின்றன. சத்தம் போய்க்கொண்டே இருக்கும். படம் பின்தங்கினால் நடுவில் உள்ளவற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். மாப்பிள்ளை கை தாவிய மர்மம் அதுதான்.

எனவே சத்தம் ஒழுங்காக ஓடிப் படம் மட்டும் தடுக்கினால், விரிக்கும் இடத்தில் கோளாறு. சத்தமும் படமும் சேர்ந்தே நின்றால், கோப்பு வந்து சேரும் வழியில் கோளாறு: ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், கேபிள், வைஃபை, இவற்றில் ஒன்று. எப்போதும் ஒரே நிமிஷத்தில், அதே காட்சியில் மட்டும் நின்றால் கோப்பே கெட்டிருக்கலாம், அல்லது டிஸ்க்கில் அந்த இடம் பழுதாகியிருக்கலாம். வேறொரு கம்ப்யூட்டரில் அதே நிமிஷத்தைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திக்கத் தொடங்கினால் சூடு.

ஒரே ஒரு தடையைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது என்பதற்குக் காவலூரிலேயே ஒரு கதை இருக்கிறது. சித்தப்பா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே வைணு பாப்பு வானாய்வகத்தின் குவிமாடம் தெரியும். அங்கே 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியில் 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் கோள் அந்த விண்மீனை மறைத்துக் கடக்கப்போகிறது. ஒளி எப்போது குறைகிறது என்று பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே ஒளி ஒருமுறை இறங்கி ஏறியது. பதிவு செய்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று என்று கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே நேரம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத் தொலைநோக்கியில் பறந்துகொண்டிருந்த ஜேம்ஸ் எலியட் குழுவுக்குக் கோளின் இரண்டு பக்கமும் அதே தூரங்களில் வரிசையாக இறக்கங்கள் கிடைத்தன. துணைக்கோள் அப்படி இரு பக்கமும் கணக்காக வந்து நிற்காது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. காவலூர்ப் பதிவும் அதற்குச் சாட்சியானது. ஒற்றை இறக்கம் எதை வேண்டுமானாலும் சொல்லும்; இறக்கங்களின் ஒழுங்குதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

சித்தப்பா வீட்டில் நாங்களும் ஒரு வரைபடத்தைப் பார்த்தோம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போனால் இடப்பக்கம் சிபியு, மெமரி, டிஸ்க், ஜிபியு என்று வரிசையாக இருக்கும். வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே இதைப் பார்க்க வேண்டும். எங்கள் கல்யாண வீடியோ ஓடும்போது சிபியு கோடு மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு 100 விழுக்காட்டில் நின்றது. டிஸ்க் கோடு தரையில் கிடந்தது, ஆக பென்டிரைவின் மேல் பழி இல்லை. ஜிபியு? அந்த வரியே காணோம்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வீடியோவை விரிக்க இரண்டு வழி உண்டு. ஜிபியு என்கிற கிராபிக்ஸ் சிப்புக்குள் அதற்கென்றே செதுக்கிய ஒரு பகுதி இருக்கிறது. எச்.264 அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. சூடும் ஆகாமல், சத்தமும் இல்லாமல் விரித்துத் தள்ளும். அது கிடைக்காதபோது சிபியு தன் கையாலேயே ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போட்டு விரிக்கும். கல்யாணத்துக்குத் தேங்காய் துருவ நூறு பேருக்கான மெஷின் வீட்டிலேயே இருக்க, அதன் பிளக்கைச் செருகாமல் அரிவாள்மனையில் உட்கார்ந்து துருவுவது மாதிரி. புது கம்ப்யூட்டரானால் சிபியு அதையும் சமாளிக்கும். 2014இன் மலிவு ரகம் எங்கே சமாளிக்கும்?

பிளக் ஏன் செருகப்படவில்லை என்று பார்க்க, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்தேன். ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்ற வரியின் கீழே கிராபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்க வேண்டும். அங்கே ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தது. விண்டோஸ் தன்னிடம் உள்ள பொது ஏற்பாட்டை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது, அந்தச் சிப்புக்கு உரிய டிரைவர் மென்பொருள் இல்லை என்று அதற்குப் பொருள். திரையில் எழுத்து தெரியும், படம் தெரியும், சிப்பின் வீடியோப் பகுதி மட்டும் தூங்கும்.

“போன வருஷம் பார்மட் போட்டீங்களா சித்தப்பா?”

“ஆமாம்பா, வைரஸ்னு சொல்லிக் கீழே கொண்டுபோய்ப் புதுசா விண்டோஸ் போட்டுட்டு வந்தேன். ஏன்?”

பார்மட் செய்தவர் டிரைவர் போடாமல் கொடுத்துவிட்டார். இணையம் உள்ள வீடாக இருந்தால் விண்டோஸ் அப்டேட் ஓரிரு நாளில் அதைத் தானே தேடி இறக்கிப் போட்டிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. சித்தப்பா வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் ஓரத்தில் மட்டும்; அதுவும் போன் பேசத்தான் ஆகும். ஒரு வருஷமாகக் கம்ப்யூட்டர் இணையத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. மலை மேல் வீடு என்பதால் வந்த வினை.

அதன்பின் அவர் சொன்ன வேறு குறைகளும் அதே இடத்தில் போய் விழுந்தன. “டிவியில முகமெல்லாம் கொஞ்சம் குண்டாத் தெரியுது.” பொது ஏற்பாட்டில் திரை அளவு 1024க்கு 768 என்று நின்றுவிட்டது, அகல டிவி அதைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டியிருக்கிறது. “எச்டிஎம்ஐ வயர்ல படம் வருது, சத்தம் வரல.” எச்டிஎம்ஐ வழியாகச் சத்தம் போவதும் கிராபிக்ஸ் சிப் வழியாகத்தான். அதற்காக அவர் 900 ரூபாய்க்குத் தனி ஸ்பீக்கர் வாங்கி டிவிக்கு இரண்டு பக்கமும் வைத்திருந்தார். மூன்று தனித்தனி வியாதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றேதான்.

மறுநாள் மலையிறங்கி ஆலங்காயம் போனபோது, பெட்டியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் எடுத்துவந்தேன். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். ‘கோடெக் பேக்’ என்று வருவதும் அப்படித்தான். விஎல்சி பிளேயர் தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 1996இல் பாரிசில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது, இன்றும் இலவசம். டிரைவர் போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, விஎல்சியின் ‘பிரெஃபரன்சஸ்’ உள்ளே ‘இன்புட், கோடெக்ஸ்’ பகுதியில் ‘ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்’ என்பது ‘ஆட்டோமேட்டிக்’ என்றிருக்கிறதா என்று பார்த்தேன். வீடியோவைப் போட்டால், டாஸ்க் மேனேஜரில் ஜிபியு வரி முளைத்திருந்தது. அதற்குள் ‘வீடியோ டிகோட்’ என்ற குட்டி வரைபடம் ஏறி இறங்கியது. சிபியு 100லிருந்து 15க்கு வந்துவிட்டது. அட்சதை மழையில் ஒரு மணி அரிசிகூடத் தவறவில்லை.

‘கோடி’ (Kodi) என்ற பிளேயரைப் பயன்படுத்துகிறவர்கள் இதை இன்னும் சுலபமாகப் பார்க்கலாம். படம் ஓடும்போது கீபோர்டில் ஓ எழுத்தை அழுத்தினால் மேலே ஒரு பட்டியல் வரும். டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ என்றிருந்தால் சிப் விரிக்கிறது, எஸ்டபிள்யூ என்றிருந்தால் சிபியு மாட்டிக்கொண்டிருக்கிறது. விஎல்சியில் ‘டூல்ஸ்’ மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் கோப்பு என்ன கோடெக், விநாடிக்கு எத்தனை படம் என்பதும், பக்கத்து ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ தாளில் எத்தனை படங்கள் தவறின என்பதும் தெரியும்.

அடுத்து ‘ஹைலைட்ஸ்’ போட்டோம். மறுபடியும் திக்கல்! இந்த முறை அந்தக் கோடெக் தகவல்தான் கைகொடுத்தது. 4கே, எச்இவிசி, 10 பிட். புள்ளிகள் நாலு மடங்கு, சுருட்டிய விதமும் புதுசு. சிப்பில் உள்ள வீடியோப் பகுதி எந்த வருஷம் செதுக்கப்பட்டதோ அதுவரை வந்த கோடெக்குகளைத்தான் அறியும். டிரைவர் போட்டு அதற்குப் புதுப் பாடம் கற்றுத்தர முடியாது. இன்டெல் சிப்புகளில் எச்இவிசியை முழுதாக விரிக்கும் பகுதி 2015இல் வந்த ஆறாம் தலைமுறையில் சேர்ந்தது. 10 பிட் எச்இவிசி ஏழாம் தலைமுறையில்; ஏவி1 2020இல் வந்த பதினோராம் தலைமுறையில். பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் ஐ3, ஐ5 என்பதை மட்டும் கேட்காமல் இந்தத் தலைமுறை எண்ணைக் கேளுங்கள். படம் பார்க்க ஏழாம் தலைமுறை ஐ3 போதும். நான்காம் தலைமுறை ஐ7 அதனிடம் தோற்கும். இன்றைய செல்போன்கள் பலவும் எச்இவிசியில்தான் வீடியோ எடுக்கின்றன என்பதால், கோடெக் பிரச்சினை கல்யாண வீடியோவோடு நிற்கப்போவதில்லை.

இந்த ஐந்து நிமிஷத்துக்காகப் புதுப் பெட்டியா? நான் பென்டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி டிவியின் பக்கவாட்டில் இருந்த யுஎஸ்பி துளையில் செருகினேன். வெண்ணெயாக ஓடியது. இன்றைய 4கே டிவிகளின் உள்ளே எச்இவிசி விரிக்கும் சிப் ஏற்கெனவே இருக்கிறது. பல வீடுகளில் கம்ப்யூட்டரைப் போட்டு வதைத்துக்கொண்டிருக்கும் வேலையை டிவியே சும்மா செய்துவிடும் என்பது எனக்கே பல நாள் தோன்றவில்லை. ஒரு சிக்கல் உண்டு. பழைய முறையில், அதாவது ஃபேட்32 வகையில் பார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது; என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வகையில் போட வேண்டும், இரண்டில் எதை உங்கள் டிவி ஏற்கிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டும். டிவியும் கைவிட்டால் வீடியோ எடுத்தவரிடமே ‘எச்.264, 1080பி காப்பி ஒண்ணு குடுங்க’ என்று கேட்டுவிடலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நாமே மாற்றிக்கொள்ளவும் முடியும். பழைய பெட்டியில் மாற்ற விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட வேண்டும்.

டிரோன் காட்சி ஒன்று பாக்கி இருந்தது. முழு வீடியோவில் மண்டபத்தைச் சுற்றி மெதுவாக நகரும் அந்த இடத்தில் மட்டும் ஒரு நடுக்கம். சிபியு சும்மா இருக்கிறது, ஒரு படமும் தவறவில்லை, ஆனாலும் கண்ணுக்கு உறுத்துகிறது. இது திக்கல் இல்லை, கணக்கு ஒத்துவராமை. வீடியோவில் விநாடிக்கு 50 படம். கம்ப்யூட்டர் டிவிக்கு விநாடிக்கு 60 முறை படம் அனுப்புகிறது. ஐந்து படத்தை ஆறு இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்றால் ஒன்று இரண்டு முறை உட்கார்ந்துதான் ஆகவேண்டும். சாதாரணக் காட்சியில் தெரியாது. ஒரே சீராக நகரும்போது விநாடிக்குப் பத்து முறை இடறும். விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60லிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் தீர்ந்தது. நம் ஊர்த் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆதியிலிருந்தே 50 கணக்கில் நடப்பதால் இங்கே விற்கும் டிவிகள் அதை ஏற்கும். சினிமாப் படங்களுக்கு 24. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறிமாறி நின்று நொண்டும். கோடியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதைப் போட்டுவிட்டால் படத்துக்குத் தக்கபடி அதுவே மாற்றிக்கொள்ளும். அடிக்கடி கவனிக்காமல் விடுகிற கோளாறு இது. கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்ட பிறகும் ‘நடுங்குது’ என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிபியு 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காவலூர் 725 மீட்டர் உயரம், குளிர்ச்சியான ஊர்தான். ஆனால் டிவி அலமாரிக்குள் முதுகைச் சுவரில் ஒட்டி வைத்த பெட்டிக்கு ஊர்க் குளிர் என்ன செய்யும்? கரண்டைப் பிடுங்கிவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, முதுகுப் பக்கம் ஒரு சாண் இடம் விட்டு வைத்தேன். மின்னழுத்தம் குறைவதால் படம் மெதுவாகிறது என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். மேசைக் கம்ப்யூட்டர் அப்படிச் செய்வதில்லை, தாங்காவிட்டால் அணைந்துவிடும்.

இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் வட்டம் சுற்றினால் நெட் மெதுவாக இருக்கிறது. வட்டம் சுற்றாமல் படம் திக்கினால் மேலே சொன்ன கதைதான். யூடியூபில் வீடியோ மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் எந்தக் கோடெக்கில் வருகிறது, எத்தனை படம் தவறியது என்று காட்டும். அதில் ஏவி01 என்று தொடங்கி, உங்கள் பெட்டியும் பழையதானால், தரத்தை 720க்கு இறக்கிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி கூடம் மறுபடி நிறைந்தது. தாலி கட்டும் இடத்தை மூன்று முறை போடச் சொன்னார்கள். சத்தம் இப்போது டிவியிலிருந்தே வந்தது. சித்தப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டிவிக்கு இரண்டு பக்கமும் சும்மா நின்றுகொண்டிருந்தவற்றைப் பார்த்தார்.

“அப்ப இந்த ஸ்பீக்கர?”